ஃபோர்ட் பிராக், ஃபோர்ட் லிபர்ட்டி, மறுபடி ஃபோர்ட் பிராக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவம் 2023-ல் ஒன்பது தளங்களின் பெயரை மாற்றியது. 2025-ல் அந்த ஒன்பதையும் பழைய பெயருக்கே கொண்டுபோனது. இந்த விஷயத்தை யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2023-ல் மாற்றியது சரி. 2025-ல் செய்தது தவறு, செய்த விதம் அதைவிடத் தவறு.

முதலில், பழைய பெயர்களில் என்ன பிரச்சினை?

1860-61-ல் பதினொரு தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்தன. எதற்காகப் பிரிகிறோம் என்பதை அவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள்: அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள. அந்தக் கூட்டமைப்பின் படை நான்கு வருடம் அமெரிக்க ராணுவத்தோடு சண்டை போட்டது, லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், கடைசியில் கூட்டமைப்பு தோற்றது. அதுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர். அந்தத் தோற்ற படையின் அதிகாரிகள் பெயரைத்தான் அமெரிக்க ராணுவம் தன்னுடைய ஒன்பது தளங்களுக்கு வைத்திருந்தது. வர்ஜீனியாவில் லீ, ஏ.பி. ஹில், பிக்கெட், ஜார்ஜியாவில் பென்னிங், கார்டன், வட கரோலினாவில் பிராக், டெக்சாஸில் ஹூட், லூயிசியானாவில் போல்க், அலபாமாவில் ரக்கர்.

ஒரு ராணுவம் தன் சிப்பாய்களைச் சுட்டுக் கொன்ற எதிரிப்படைத் தளபதியின் பெயரைத் தன் வாசலில் எழுதிவைத்திருந்தது. இதைக் கேட்ட எவருக்கும் முதலில் வரும் கேள்வி 'அது எப்படி?' என்பதுதான், எனக்கும் அப்படித்தான் வந்தது.

அது எப்படி நடந்தது?

போர் முடிந்த கையோடு யாரும் இந்தப் பெயர்களை வைக்கவில்லை. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோதுதான், 1917-லும் 1918-லும், அவசர அவசரமாகப் பயிற்சி முகாம்கள் தேவைப்பட்டன. தெற்கில் நிலம் கிடைத்தது, வெயிலும் வருடம் முழுக்கப் பயிற்சிக்குத் தோதாக இருந்தது. முகாமின் பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் வெறுக்கப்படாத ஆளாக இருக்க வேண்டும் என்று ராணுவம் விதி வகுத்தது. லீ, கார்டன், பென்னிங், பிராக் எல்லாம் அப்போது வந்தவை. மற்ற ஐந்தும் இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-லும் 1942-லும் வந்தன.

'அந்த வட்டாரத்தில் வெறுக்கப்படாத' என்கிற அந்த விதியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வட்டாரம் என்றால் யார்? ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் கறுப்பின மக்கள் கணிசமாக இருந்தார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுப் போட வழியில்லாமல் செய்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, அவர்களின் பிள்ளைகளையே கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்து, லீ முகாமிலும் கார்டன் முகாமிலும் பயிற்சி கொடுத்தார்கள். அடிமையாகப் பிறந்தவரின் பேரன், அந்த அடிமை முறைக்காகப் போரிட்டவரின் பெயர் தாங்கிய வாசலுக்குள் நுழைந்து, சுதந்திர நாட்டுக்காகச் சாகத் தயாராக வேண்டும். பழைய பெயர்கள் 'பாரம்பரியம்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பேரன்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அந்தத் தளபதிகள் பெரிய போர்வீரர்களாவது இல்லையா?

லீயைச் சொல்லலாம். மற்றவர்களில் சிலரின் கதை பரிதாபம். பிராக் 1863-ல் சட்டனூகாவில் தோற்று, தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். ஹூட் 1864 கடைசியில் ஃபிராங்க்ளினிலும் நாஷ்வில்லிலும் தன் படையையே அழித்துக்கொண்டார். பென்னிங் கொலம்பஸ் ஊர் வக்கீல், தொழில்முறை ராணுவ வீரரே இல்லை. 1861 பிப்ரவரியில் வர்ஜீனியா மாநாட்டுக்குப் போய், அடிமை முறையைக் காப்பாற்ற வேண்டுமானால் பிரிந்துதான் ஆக வேண்டும் என்று பேசியதில்தான் அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பிக்கெட் 1864-ல் வட கரோலினாவின் கின்ஸ்டனில், பிடிபட்ட 22 வடக்குச் சிப்பாய்களைத் தூக்கில் போட வைத்தார்.

வரலாற்றை அழிப்பது ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். பிராக் யார் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, போர்க்களங்களையே தேசியப் பூங்காவாகப் பராமரிக்கிறார்கள். தளத்துக்குப் பெயர் வைப்பது பாடம் நடத்துவதற்கு இல்லை, 'இவரைப் போல இரு' என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதற்கு. மரியாதையை எடுத்துவிட்டால் வரலாறு போய்விடாது. பார்க்கப்போனால் பிராக் யாரென்று நிறையப் பேருக்குத் தெரிய வந்ததே பெயரை மாற்றலாமா என்ற சண்டை வந்த பிறகுதான்.

இன்னொன்று. 1869-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுச்சின்னம் வைக்க லீயைக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். போரின் புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பதைவிட, உள்நாட்டுச் சண்டையின் அடையாளங்களை அழித்துவிட முயன்ற நாடுகளைப் பின்பற்றுவதே நல்லது என்ற பொருளில் பதில் எழுதினார். லீயின் பெயரைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் லீயின் இந்தக் கடிதத்தைப் படித்தால் நன்றாக இருக்கும்.

சரி, அப்படியானால் வாஷிங்டனும் அடிமைகள் வைத்திருந்தாரே? எங்கே போய் நிற்கும் இது?

நியாயமான கேள்வி. பெயர்மாற்றத்துக்கு வழிசெய்த 2021 சட்டம் இதற்குத் தெளிவாகக் கோடு போட்டது. அடிமை வைத்திருந்தாரா, கெட்ட கருத்து சொன்னாரா என்றெல்லாம் அது கேட்கவில்லை. கூட்டமைப்பில் தானாக முன்வந்து பணியாற்றினாரா என்ற ஒரே கேள்விதான். வாஷிங்டன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பிராக் அந்தப் பக்கம். எங்கே நிற்கும் என்று கேட்டால், ஒன்பது தளங்கள், அவற்றோடு சில கப்பல்கள், தெருக்கள், கட்டடங்கள், அங்கேயே நின்றது.

மாற்றியது யார்? ஒரு கட்சி மட்டும் செய்த வேலையா?

இல்லை, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பேச்சு சூடுபிடித்தது. அப்போது அதிபராக இருந்த டிரம்ப், இதைப் பரிசீலிக்கக்கூட மாட்டேன் என்றார். பாதுகாப்புச் செலவுக்கான வருடாந்திரச் சட்டத்தில் பெயர்மாற்றத்தையும் சேர்த்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுப்பியபோது டிசம்பர் 23 அன்று வீட்டோ போட்டார். பிரதிநிதிகள் சபை 322-87 என்றும், செனட் 2021 ஜனவரி 1 அன்று 81-13 என்றும் அந்த வீட்டோவைத் தோற்கடித்தன. அப்போது செனட்டில் டிரம்ப்பின் சொந்தக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. அவருடைய முதல் ஆட்சிக்காலத்தில் தோற்கடிக்கப்பட்ட ஒரே வீட்டோ இதுதான்.

அப்புறம் ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் மிஷேல் ஹவர்ட் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். பொதுமக்களிடமிருந்து 34,000-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. ஆணையத்தார் தளம் தளமாகப் போய், அங்கே இருப்பவர்களையும் சுற்றுவட்டார மக்களையும் கேட்டார்கள். 1917-ல் கேட்காமல் விட்டவர்களையும் இந்த முறை கேட்டார்கள்.

யார் பெயரெல்லாம் வைத்தார்கள்?

எனக்கு மனசுக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஃபோர்ட் லீ, ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் ஆனது. ஆர்தர் கிரெக் கறுப்பின அதிகாரி. 1946-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1950 வாக்கில் இளம் லெப்டினன்டாக ஃபோர்ட் லீக்கு வந்தார். படையில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் 1948-லேயே உத்தரவு போட்டிருந்தார், ஆனால் அந்தத் தளத்தின் அதிகாரிகள் மனமகிழ் மன்றம் கறுப்பின அதிகாரிகளை உள்ளே விடவில்லை. தோள்பட்டையில் அதே பட்டை, அதே சம்பளம், ஆனால் வாசலோடு திரும்ப வேண்டும். கிரெக் மேலே மேலே போய் 1981-ல் மூன்று நட்சத்திர ஜெனரலாக ஓய்வுபெற்றார். 2023 ஏப்ரல் 27 அன்று, 94 வயதில், தன் பெயர் அந்தத் தளத்தின் வாசலில் ஏறுவதை நேரில் உட்கார்ந்து பார்த்தார். 2024 ஆகஸ்டில் காலமானார். பலகை இறங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் பெயரோடு சேர்ந்த சாரிட்டி ஆடம்ஸ், 1945-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 855 பெண்கள் கொண்ட தபால் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அநேகமாக எல்லாரும் கறுப்பினப் பெண்கள். கிடங்கு கிடங்காகக் கடிதங்கள் தேங்கிக் கிடந்தன. ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், பாதி முகவரி எலி கடித்தது. ஆறு மாதம் ஆகும் என்று கொடுத்த வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

ஃபோர்ட் பென்னிங், ஃபோர்ட் மூர் ஆனது. கணவன் மனைவி இருவர் பெயரிலும். ஹால் மூர் 1965-ல் வியட்நாமின் யா டிராங் பள்ளத்தாக்கில் போரிட்ட தளபதி. ஆனால் நான் சொல்ல வந்தது ஜூலியா மூரைப் பற்றி. அந்த நவம்பரில் சில நாட்களுக்குள் 200-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே செத்தார்கள். மனைவிமார் பலர் பென்னிங்கை ஒட்டிய கொலம்பஸ் ஊரில் இருந்தார்கள். சாவுச் செய்தி சொல்ல ராணுவத்திடம் அப்போது ஏற்பாடே கிடையாது; தந்தியை டாக்சிக்காரர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தெருவில் டாக்சி திரும்பினாலே பெண்களுக்கு உயிர் போய்த் திரும்பும். ஒருநாள் ஜூலியாவின் வீட்டு வாசலிலேயே டாக்சி வந்து நின்றது. பயந்து நடுங்கிக் கதவைத் திறந்தால், வேறொரு வீட்டுக்கு வழி கேட்கத்தான் அந்த ஓட்டுநர் வந்திருந்தார். ஜூலியா அந்த டாக்சிகளின் பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் துணைக்கு உட்கார்ந்தார், அடக்கங்களுக்குப் போனார், இப்படிச் செய்யக்கூடாது என்று ராணுவத்திடம் சண்டை போட்டார். சீருடையில் ஒரு அதிகாரியும் மதகுருவும் நேரில் வீடு தேடி வந்து சொல்லும் முறை வருவதற்கு அந்தச் சண்டை பெரிய காரணம்.

ராணுவ வீரரின் மனைவி ஒருவர் பெயரை ஒரு தளத்தின் வாசலில் பார்ப்பது, அந்த வாசலுக்கு வெளியே காத்திருந்த எத்தனையோ பெண்களுக்கான மரியாதை. 2025 மார்ச்சில் அதை இறக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹூட் இருந்த இடத்தில் ரிச்சர்ட் கவாசோஸ், லத்தீன் அமெரிக்க வம்சாவளியில் முதல் நான்கு நட்சத்திர ஜெனரல். போல்க் இருந்த இடத்தில் முதல் உலகப் போரில் 21 காயம் வாங்கியும் தோழனை விட்டுக்கொடுக்காத ஹென்றி ஜான்சன். ஏ.பி. ஹில் இருந்த இடத்தில் மேரி வாக்கர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையோடு நின்ற மருத்துவர், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற ஒரே பெண். ரக்கர் இருந்த இடத்தில் மைக்கேல் நோவோசெல், வியட்நாமில் ஒரே நாளில் 29 பேரைச் சுமந்து வந்த ஹெலிகாப்டர் பைலட். பிக்கெட்டுக்குப் பதில் வான் பார்ஃபுட், கார்டனுக்குப் பதில் ஐசன்ஹோவர்.

ஃபோர்ட் லிபர்ட்டி?

அது மட்டும் மனிதர் பெயர் இல்லை, 'சுதந்திரம்'. போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் சொன்னதிலிருந்து வந்த யோசனை என்று செய்திகளில் வந்தது, அந்த அம்மாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆணையம் இதில் தவறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். மற்ற எட்டு இடங்களிலும் கதை சொல்ல ஒரு ஆள் கிடைத்தார். பாராசூட் படையின் வீடான மிகப் பெரிய தளத்தில் மட்டும் ஒரு பொதுச்சொல்லை வைத்தார்கள். எதிர்ப்பு அதிகமாகக் கிளம்பியதும் அங்கேதான்.

அங்கே பயிற்சி எடுத்தவர்களின் உணர்வுக்கு மதிப்பு இல்லையா?

உண்டு, நிறையவே உண்டு. 82-வது வான்வழிப் படைப்பிரிவில் இருபது வருடம் இருந்தவருக்கு 'பிராக்' என்றால் உள்நாட்டுப் போர்த் தளபதி இல்லை. முதல் முறை விமானத்திலிருந்து குதித்த காலை, கல்யாணமாகி வந்த முதல் வீடு, ஈராக்கிலிருந்து பெட்டியில் திரும்பிய நண்பன். அந்தச் சொல்லை எடுக்கும்போது அவர் வாழ்க்கையிலிருந்தே எதையோ எடுப்பது போல இருக்கும். இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அதே தளத்தில், அதே இருபது வருடம், அதே நண்பர்களை இழந்த கறுப்பின சார்ஜென்ட்டும் இருந்தார். அவர் தன் முன்னோரை அடிமையாக வைத்திருக்கப் போரிட்டவரின் பெயரைத் தினமும் கடிதத்தலைப்பில் எழுதினார். இரண்டு பேருடைய உணர்வையும் தராசில் வைத்தால் எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் தட்டு இறங்குகிறது. முதலாமவரின் நினைவுகள் பெயர் மாறினாலும் அவரோடு இருக்கும்.

2025-ல் என்ன நடந்தது?

தேர்தல் பிரசாரத்திலேயே, 2024 அக்டோபரில், பிராக் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று டிரம்ப் சொன்னார். 2025 பிப்ரவரி 10 அன்று பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் கையெழுத்துப் போட்டார். ஆனால் சட்டம் குறுக்கே நின்றது: கூட்டமைப்புக்காரர் பெயரை வைக்கக்கூடாது. அதனால் பிராக் என்றே பெயர் கொண்ட வேறொரு சிப்பாயைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் ஆம்புலன்சைக் கைப்பற்றி, காயம்பட்ட சக சிப்பாயை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போன ரோலண்ட் பிராக். மார்ச்சில் பென்னிங்குக்கும் இதே வழி, முதல் உலகப் போரில் மூத்தவர்கள் விழுந்தபின் மிச்சமிருந்த இருபது பேரை நடத்திப்போன ஃபிரெட் பென்னிங். ஜூன் 10 அன்று மீதி ஏழையும் அறிவித்தார்கள்.

அந்தப் புதுப் பிராக்கும் புதுப் பென்னிங்கும் வீரர்கள்தானே, அப்புறம் என்ன குறை?

வீரர்கள்தான், சந்தேகமே இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது. ஃபோர்ட் லீக்கு இப்போது சொல்லப்படுபவர் ஃபிட்ஸ் லீ, கறுப்பினச் சிப்பாய், வர்ஜீனியாவில் அந்தத் தளத்துக்குப் பக்கத்து மாவட்டக்காரர், 1898-ல் கியூபாவில் குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களை மீட்டு மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர். அவருக்காகவே ஒரு தளத்துக்குப் பெயர் வைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் கியூபா இல்லை, அவருடைய குடும்பப் பெயர் மூன்றெழுத்தில் பொருந்தியது.

இதில் உச்சம் ஏ.பி. ஹில். அதற்கு ஒருவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது, மூன்று பேரைச் சேர்த்தார்கள்: ஆண்டர்சன், ராபர்ட் பின், ஹில். முதல் இருவரின் குடும்பப் பெயரில் ஆங்கில முதலெழுத்து ஏ, பி. மூவருமே உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டு மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர்கள். ராபர்ட் பின் கறுப்பின சார்ஜென்ட். 1864-ல் ரிச்மண்ட் அருகே தன் பிரிவின் அதிகாரிகள் எல்லாரும் விழுந்துவிட, அவரே தலைமை ஏற்றுப் போரிட்டார். கூட்டமைப்பைத் தோற்கடிக்க ரத்தம் சிந்திய மனிதரின் பெயரிலிருந்து ஒரு எழுத்தைப் பிய்த்து, கூட்டமைப்புத் தளபதியின் பெயரைக் கோத்திருக்கிறார்கள். வாசலில் யார் பெயர் தெரியும்? பின்னுடையதா?

இது சட்டப்படி செல்லுமா?

சட்டத்தின் எழுத்துக்குள் அடங்கும்படி செய்திருக்கிறார்கள். சட்டத்தின் நோக்கத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, காகிதத்தில் மட்டும் வேறு ஆள் என்று எழுதுவதை வேறெப்படிப் புரிந்துகொள்வது?

செலவு?

ஒன்பது தளங்களுக்கும் சுமார் 21 மில்லியன் டாலர், கப்பல், தெரு எல்லாம் சேர்த்து 62.5 மில்லியன் என்று ஆணையம் கணக்குப் போட்டது. ஒரு எஃப்-35 போர் விமானத்தின் விலையைவிடக் குறைவு. வீண் செலவு என்று 2023-ல் சொன்னவர்கள் 2025-ல் அதே பலகைகளை மறுபடி மாற்றும்போது வாய் திறக்கவில்லை.

வேறு நாடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

ஜெர்மனியைப் பார்க்கலாம். ஹிட்லர் கால ராணுவத்தினர் பெயரில் இருந்த பாசறைகளை அவர்கள் ஒவ்வொன்றாக மாற்றி வருகிறார்கள், எல்லாவற்றையும் இல்லை. ரோமலின் பெயரில் ஒரு பாசறை அவ்வளவு விவாதத்துக்குப் பிறகும் மாறவில்லை. ஆனால் ஹனோவரில் 2018-ல் செய்தது எனக்குப் பிடித்தது. முதல் உலகப் போர்த் தளபதி, போர்க்களம் இரண்டின் பெயரையும் தாங்கியிருந்த பாசறைக்கு, 2011-ல் ஆப்கானிஸ்தானில் இறந்த லாகன்ஸ்டைன் என்ற ராணுவக் காவல்துறை வீரரின் பெயரை வைத்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் காலத்திலேயே வாழ்ந்த ஆள்.

இப்போது எந்தப் பெயரை எழுதுவது?

அதிகாரப்பூர்வமாக பிராக், பென்னிங், லீ என்ற பழைய பெயர்கள்தான். முகவரி, கடிதம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஆனால் 2023-க்கும் 2025-க்கும் இடையில் வந்த செய்திகளிலும் ஆவணங்களிலும் லிபர்ட்டி, மூர், கவாசோஸ், கிரெக்-ஆடம்ஸ் என்று இருக்கும், வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழுதும்போது ஃபோர்ட் பென்னிங் என்று போட்டு, முன்பு ஃபோர்ட் மூர் என்றும் சேர்த்துவிடுகிறேன். ஹாலும் ஜூலியாவும் புதைக்கப்பட்டிருப்பது அந்தத் தளத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான்.